வால் நனையும் பெட்டி

அணில் சலோமி படுக்கைக்காகத் தேங்காய் நாரைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து இதே வேலை. தாடை வலித்தது.

கோவில் வராந்தாச் சுவரில் இரண்டு மரப்பெட்டிகள் தொங்கின. ஜெபம் கேட்டு எழுதும் சீட்டுகளை ஒன்றில் போடுவார்கள். அது எப்போதும் பிதுங்கும். கேட்டது கிடைத்தவர்கள் ஸ்தோத்திரம் எழுதிப் போட இன்னொன்று. அதில் சீட்டே விழாது. புளியமரத்துக் கூடு காற்றில் போனபின், சலோமி தன் மூன்று பிள்ளைகளோடு அந்தக் காலிப் பெட்டியில்தான் குடியிருந்தாள்.

"நன்றி சொல்ல யாராவது வந்தால்தானே உன்னைக் காலி பண்ணச் சொல்வார்கள்? தைரியமா இரு தாயே" என்று சுவர்ப்பல்லி கிண்டல் பண்ணும்.

நாலு பேரும் படுத்தால் சலோமியின் வால் வெளியே கிடக்கும். சாரலில் நனையும். ஆண்டவரே, வால் நீட்ட ஓர் இடம் தாரும் என்று தினமும் கேட்பாள். போதகர் வீட்டு அலமாரியில் கம்பளிமேல் படுக்கும் சுண்டெலி ராகேலை நினைத்தால் பெருமூச்சு வரும். அங்கே எவ்வளவு இடம்!

ஒரு மத்தியானம் நல்ல மழை. வால் ஊறிப்போனது. இனி முடியாது என்று கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள். ஜன்னல் வழியே அலமாரிக்குள் ஏறினாள்.

ராகேல் கம்பளியில் இல்லை. தன் குட்டியை அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தாள்.

"சத்தம் காட்டாதீங்க அக்கா. கதவுக்குப் பின்னால பூனை இருக்கு. நாலு நாளா நான் கண்ணை மூடல. உங்க பெட்டியில ஒரு மூலை கிடைக்குமா?"

சலோமிக்கு வாய் நிறையப் பிள்ளை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ராகேலையும் அவள் குட்டியையும் கூட்டிக்கொண்டு பெட்டிக்குத் திரும்பியதும், படுக்குமுன்னே ராகேல் தூங்கிப்போனாள். இப்போது சலோமியின் வாலோடு பாதி முதுகும் மழையில் கிடந்தது. உள்ளே ஐந்து மூச்சுகள் கேட்டன. வழுவழுப்பான இந்தச் சுவரில் எந்தப் பூனையும் ஏறாது. இத்தனை நாளில் அதை அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை.

வழக்கமான ஜெபம் வாய்வரை வந்தது. அவள் மாற்றிச் சொன்னாள்.

"ஆண்டவரே, முதுகு நனையுதுதான். இருந்தாலும் எனக்கு இது போ..."

"அம்மா, பால்!" என்று கூப்பிட்டது கடைக்குட்டி. அவள் திரும்பிப் படுத்தாள்.

இன்னும் வேண்டும் என்று கேட்குமுன், ஆண்டவர் ஏற்கெனவே தந்திருப்பதைப் பார்க்கிற மனசுக்கே நிம்மதி கிடைக்கும்.