பாதரசப் பூதமும் கந்தக மூட்டையும்

மலைகளும் வாய்திறந்து பேசிய முன்னொரு காலத்தில், மாணிக்கபுரிக்கு ஒரு பூதம் வந்தது. சாதாரணப் பூதமா அது? உச்சி முதல் உள்ளங்கால் வரை பாதரசம்! தங்கம்தான் அதற்குச் சோறு. வளையலைத் தின்றது, காசுமாலையைத் தின்றது, அரசர் மணிமுடியையும் தின்றது. ஊரார் நகை தீர்ந்ததும், கோயில் கலசங்களுக்குப் பொன்முலாம் பூசும் வஞ்சிக்கொடியின் தம்பி நீலனைத் தொட்டுப் பொன்சிலை ஆக்கிவிட்டது.

“பொழுது சாயட்டும், இவனையும் தின்கிறேன்!”

வஞ்சிக்கொடி போட்டது போட்டபடி அரண்மனைக்கு ஓடினாள்.

தளபதி வந்து வாளை வீசினார். பூதம் ஆயிரம் மணியாய்ச் சிதறியது, உருண்டது, ஒன்றாய் எழுந்தது.

“வெட்டினால் உருள்வேன், உருண்டால் ஒட்டுவேன், என்னைப் பிடிக்க யாருண்டு?”

அடுத்து அரசர் அதைத் தந்திரமாகப் பெட்டியில் அடைத்தார். ராஜா வைக்கும் சிறை கௌரவமாக இருக்க வேண்டாமா? அதனால் தங்கப் பெட்டி! பூதம் பெட்டியையே தின்றுவிட்டு ஏப்பம் விட்டது.

“வெட்டினால் உருள்வேன், உருண்டால் ஒட்டுவேன், என்னைப் பிடிக்க யாருண்டு?”

“மகாராஜா, பூனையைப் பால்குடத்தில் அடைத்துவிட்டீர்களே!” என்றாள் வஞ்சிக்கொடி. “இரும்புக் கொப்பரை ஒன்று, கந்தகத்தூள் ஒரு மூட்டை கொடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அவளுக்குத் தெரியும். முலாம் பூசப் பாதரசம் புழங்கும் பட்டறையில் அது சிந்தினால் விளக்குமாறு எடுக்கமாட்டார்கள், உருளவிடாமல் கட்டிப்போடக் கந்தகம்தான் தூவுவார்கள்.

பொழுது சாய்ந்தது. பூதம் நீலனின் சுண்டுவிரலைத் தொட்டது. மஞ்சள் விரல் வெளுத்தது. வஞ்சிக்கொடி குரல் பதறாமல் கேட்டாள்.

“பூதமே, இவ்வளவு பெரிய உடம்பு இந்தக் கொப்பரைக்குள் அடங்குமா?”

“ஏன் அடங்காது?” என்று பூதம் உள்ளே வழிந்தது. இரும்பைக் கடித்துப் பார்த்தது. பல் இறங்கவில்லை!

அந்த நொடியில் மூட்டையைக் கவிழ்த்தாள். உலக்கையால் கிண்டினாள், கிண்டினாள், கை கடுக்கக் கிண்டினாள். பளபளத்த பூதம் கறுத்தது, உதிர்ந்தது, வெறும் கருந்தூள் ஆனது.

“வெட்டினால்... உருள்...” அவ்வளவுதான். உருளவுமில்லை, ஒட்டவுமில்லை.

“அக்கா, பசிக்குது” என்றான், பொன் உருவம் நீங்கி உயிர்பெற்ற நீலன். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என்ன வேண்டும், கேள் தாயே!” என்றார் அரசர்.

“என் தம்பி கிடைச்சுட்டான், அது போதும். இனிமே பெட்டியை மட்டும் இரும்புல செய்யுங்க, மகாராஜா!”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அவளையே அரண்மனைப் பட்டறைக்குத் தலைவியாக்கினார். அவள் அந்தக் கருந்தூளை மூடிய பானையில் காய்ச்சினாள். மூடியில் செக்கச்செவேலென்று சாதிலிங்கம் என்ற வண்ணப்பொடி படிந்தது. அதைக் குழைத்துக் கோட்டைக் கதவுக்குப் பூசினார்கள்.

ஊர்த் தங்கத்தையெல்லாம் தின்ன வந்த பூதம், இன்றும் அந்தக் கதவில் சிவப்பாய் ஒட்டிக்கொண்டு ஊருக்குக் காவல் நிற்கிறது.