வௌவாலுக்குப் பூஜ்யம்

வைரவசுந்தரம் மடத்துக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக அறிவியல் நடத்துகிறவர். ஞாயிறு தவறாமல் அருளம்மையைப் பார்க்க வந்துவிடுவார். அம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. குரு என்று வரித்துக்கொண்ட பின் அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

"இந்தப் போன் பிள்ளைங்க மூளையத் தின்னுடுச்சும்மா" என்றார், உட்காரும் முன்பே.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை அவர் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். தான் மாணவனாக இருந்தபோது, தன் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய அதே நோட்டு. அட்டை மட்டும் நாலு தடவை மாறியிருக்கிறது. 'வௌவாலுக்குப் பார்வை கிடையாது, காதால் மட்டுமே வழி அறியும்' என்ற வரிக்கு வந்ததும், மதிவதனி என்ற மாணவி போனைத் தூக்கிக் காட்டி, அது தப்பு சார் என்றிருக்கிறாள். நாற்பது பேர் முன்னால்! உடனே அவளை வெளியே அனுப்பிவிட்டார். நாளைக் காலை இன்டர்னல் மார்க் அனுப்ப வேண்டும். அவளுக்குப் பூஜ்யம்தான். அதோடு அவள் இந்த வருடம் தேறமாட்டாள். தேறாமல் போகட்டும், திமிராவது அடங்கும்.

"போன்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அம்மை.

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

அம்மை எழுந்து மடத்துக்குப் பின்னால் இருந்த இலுப்பை மரத்தடிக்கு நடந்தார். தலைமேல் எச்சம் விழுமென்று வைரவசுந்தரம் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டு போகிற மரம் அது.

"அண்ணாந்து பாருங்க."

உச்சி வெயிலில் கிளை கிளையாக வௌவால்கள் தொங்கின. அம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சத்தமில்லாமல் ஆட்டினார். நாலைந்து தலைகள் திரும்பின. துண்டு இடப்பக்கம் போனால் அந்த உருண்டைக் கண்களும் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தன.

வைரவசுந்தரத்துக்கு முகம் சுட்டது. ஆனால் மனிதர் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம்.

"அவளும் மரத்தை வந்து பார்க்கலையேம்மா. போன் சொன்னதத்தானே ஒப்பிச்சா? அதுக்குப் பேரு அறிவா?"

"இல்லதான். நோட்டை ஒப்பிக்கிறதுக்கு என்ன பேரு?"

அம்மையின் குரலில் இப்போது கோபம் ஏறியிருந்தது. அம்மை அப்படிப் பேசி வைரவசுந்தரம் கேட்டதே இல்லை.

"இருபத்தாறு வருஷமா இந்த வரிய எழுதினவங்களுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"முழு மார்க்."

"அவங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்க?"

"பள்ளிக்கூடங்கள்ல பாடம் நடத்துறாங்க" என்றார் வைரவசுந்தரம் மெதுவாக.

"அவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போய்ச் சொல்லிட்டு வாங்க. பூஜ்யம் யாருக்குன்னு அப்புறம் பேசலாம்."