சாவிக்கு ஒரு பூ

"வக்கீலம்மா, நீங்க என் பொழைப்பையும் கெடுத்துட்டீங்க, தூக்கத்தையும் கெடுத்துட்டீங்க" என்றார் பூதத்தான் பூசாரி.

வக்கீலம்மா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதை முதல்ல கெடுத்தேன்?"

"தூக்கத்தை."

"அப்ப பாடம் ஏறியிருக்கு. உக்காருங்க அண்ணாச்சி."

வக்கீலம்மா பேர் அறிவுக்கொடி. அவங்க அப்பா வைத்த பேர். மூணு தலைமுறையாகக் கோயில் பக்கமே போகாத குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்கடை மாடியில் எங்களுக்குச் சட்ட வகுப்பு எடுப்பார். எங்களுக்கு என்றால், பீடி சுற்றும் பொம்பளைகள் பத்துப் பேருக்கு. மடியில் பீடித் தட்டு இருக்கும். கை சுற்றும், காது கேட்கும்.

பதினோராவது ஆள் பூதத்தான். வயசு அறுபத்திரண்டு, நெற்றி நிறையத் திருநீறு. பட்டா மனு எழுதக் கற்றுக்கொள்ள ஒரு நாள் வந்தவர், ஒன்றரை வருஷமாக விடாமல் வருகிறார். நாங்களாவது கல்யாணம் காதுகுத்து என்று மட்டம் போடுவோம். அவர் போட்டதில்லை.

சாமி கும்பிடாத வாத்தியாருக்குப் பூசாரி சீடனா என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்கள் ரெண்டு பேரும்.

"சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

"வாற வெள்ளிக்கிழமை பூ கட்டணும். பேச்சித்தாய்க்கு."

எங்கள் கை நின்றுவிட்டது.

பேச்சித்தாய் எங்களோடு உட்கார்ந்து பீடி சுற்றினவள். ரெண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. புருஷன் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. ஒரு லாரி டிரைவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்கிறான். நல்ல மனுஷன். ஆனால் செத்தவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், குத்தாலிங்கம். அவன்தான் ஊர் நாட்டாமை.

"போறவ போகட்டும். எங்க வீட்டுப் பிள்ளை எங்க வீட்லதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டான்.

பிள்ளை தர்ஷினிக்கு ஆறு வயசு. தாய் ஊட்டாமல் அதற்குச் சோறு இறங்காது.

முப்பிடாதி அம்மன் முன்னால் பூ கட்டிப் பார்ப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. ரெண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டித் தட்டில் வைப்பார்கள். யார் வழக்கோ அவர் கையால் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பிள்ளை தாயோடு போகலாம். சிவப்பு வந்தால் குத்தாலிங்கத்தோடு.

"அப்பா இல்லாத பிள்ளைக்கு அம்மாதான் கார்டியன். சட்டம் எழுதி எவ்வளவோ காலமாச்சு" என்றார் வக்கீலம்மா. "மனு இழுப்பறையில தயாரா இருக்கு. ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"போட மாட்டேங்காளே. அம்மன் சொல்லாம கோர்ட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு சொல்லுதா."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

பூதத்தான் வாசலைப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சுக் கட்டிரட்டுமா?"

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அப்படியே செய்யும் மாமா, புண்ணியமாப் போகும்" என்று வாய்விட்டே சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

வக்கீலம்மா ஆட்டவில்லை.

"உங்களுக்கு நல்ல மனசு அண்ணாச்சி. உங்களுக்குப் பெறகு யார் பூ கட்டுவா?"

"என் தம்பி மவன்."

"இப்ப என்ன வேலை பார்க்கான்?"



"குத்தாலிங்கத்தோட டிராக்டர் ஓட்டுதான்."

நாளைக்கு அவன் ரெண்டுலயும் சிவப்பையே வைத்துக் கட்டினால்? நான் பீடித் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். புண்ணியம் கிண்ணியம் என்று உளறினதற்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் என்னதான் செய்ய?" என்றார் பூசாரி.

"எனக்கு ஒரு பூ கட்டுங்க."

"உங்களுக்கா? நீங்கதான் நம்ப மாட்டீங்களே."

"நீங்க நம்புதீங்கல்ல."

பூவுக்கு எங்கே போக? என் தலையில் இருந்த மல்லிகையில் ஒன்றும், பக்கத்தில் இருந்தவள் தலையிலிருந்து ஒரு சிவப்பு ரோஜா இதழும் எடுத்தோம். பீடி இலையில் மடித்து, பீடி நூலால் பூதத்தானே கட்டினார். நாற்பது வருஷப் பழக்கம், எது எது என்று கட்டினவருக்கே தெரியாது. கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டார். வக்கீலம்மா அது முடியும்வரை எழுந்து நின்றார்.

"கேள்வியைச் சொல்லுங்க வக்கீலம்மா."

"கோயில் சாவி இனிமே உங்ககிட்ட இருக்கலாமா, கூடாதா? உங்க வழக்கு. நீங்களே எடுங்க."

பூதத்தான் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

"என்ன பேச்சு பேசுதீங்க? பாட்டன் காலத்துச் சாவி. நாப்பது வருஷமா நான் பூசை வைக்கேன். உரிமையா வந்ததுக்கு எதுக்குப் பூ?"

வக்கீலம்மா பொட்டலம் ரெண்டையும் எடுத்து பூசாரியின் மஞ்சப்பையில் போட்டார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் எதுல விட்டோம்?"

வகுப்பு முடிந்து பூசாரி எழுந்தார். மாடிப்படி இறங்கும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நீங்க வாரீங்களா?"

"இல்ல. நான் வந்தா எல்லாரும் என்னையப் பார்ப்பாங்க. அவளைப் பார்க்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடிந்தது. கோயில் வாசலில் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். குத்தாலிங்கம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பேச்சித்தாய் குளித்து ஈரத்தலையோடு வந்திருந்தாள். பிள்ளை அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தப் பிஞ்சைப் பிரிக்க ஒரு பூ போதுமா என்று நினைத்துக்கொண்டேன்.

பூதத்தான் தட்டோடு வந்தார். தட்டில் ரெண்டு வாழையிலைப் பொட்டலம், கொஞ்சம் குங்குமம். அப்புறம் கோயில் சாவி.

"சாவி எதுக்குவே?" என்றான் குத்தாலிங்கம்.

"முதல்ல எனக்கு ஒரு பூ பார்த்துக்கிடுதேன் நாட்டாமை. இந்தச் சாவி என்கிட்ட இருக்கலாமா, கூடாதான்னு."

கூட்டத்தில் சலசலப்பு. ஒரு ஆள் சிரித்தான்.

"உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றான் குத்தாலிங்கம். "பரம்பரையா உங்ககிட்ட இருக்கிற சாவி. உரிமையா வந்ததுக்கு எதுக்குவே பூ?"

பேச்சித்தாயின் கை அதற்குள் தட்டை நோக்கி நீண்டிருந்தது. அப்படியே நின்றது.

"அப்ப எம் பிள்ளை?" என்றாள்.

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அது வேற" என்றான் குத்தாலிங்கம்.

"எப்படி வேறன்னு சொல்லும் நாட்டாமை" என்றார் பூதத்தான். "நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

குத்தாலிங்கம் ஆண்கள் பக்கம் பார்த்தான். அவர்கள் தட்டில் இருந்த சாவியைப் பார்த்தார்கள்.

பேச்சித்தாய் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்தாள். பிள்ளை நெற்றியில் வைத்தாள். மிச்சத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் புருஷன் போனவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பொட்டலம் ரெண்டும் தட்டிலேயே கிடந்தன. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் ஒன்பது பேரும் பின்னாலேயே போனோம்.

நேராகத் தையல்கடை மாடிக்குத்தான் போனாள்.

"எங்க கையெழுத்துப் போடணும் வக்கீலம்மா?"

வக்கீலம்மா இழுப்பறையைத் திறந்தார்.

"முதல்ல படி."

விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். அரை மணி நேரம் ஆனது. பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிப் போனது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள், வக்கீலம்மா சொன்னார். அப்புறம்தான் பேனாவை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூதத்தான் வகுப்புக்குக் கொஞ்சம் பிந்தி வந்தார். திருநீறு அதே போலத்தான் இருந்தது. இடுப்பில் சாவி இல்லை.

"புடுங்கிட்டாங்க வக்கீலம்மா. தம்பி மவன்கிட்ட குடுத்துட்டாங்க."

"காரணம் சொன்னாங்களா?"

"இல்ல."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல. விடியக்காலம் போனேன். பூட்டியிருந்துச்சு. வெளியே நின்னு கும்பிட்டுட்டு வந்தேன்."

 பேச்சித்தாய் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வக்கீலம்மா அன்றைக்குக் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எங்களோடு தரையில், பூசாரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷம் பூசை வச்ச ஆளை ஒரு காரணமும் சொல்லாம நிறுத்துறது சரியில்ல. மனு போடுவோம். பேரு பூதத்தான். வயசு அறுபத்திரண்டு. தொழில் பூசாரி."

எழுதினார். கோயில் பேர் எழுதுகிற இடத்தில் பேனா நின்றது.

"அண்ணாச்சி, வெறுமனே முப்பிடாதி அம்மன் கோயில்னு எழுதவா? முன்னால அருள்மிகு போடணுமா?"

பூதத்தான் அவரையே பார்த்தார்.

"போடணும். ஆனா நீங்களா எழுதுவீங்க, அருள்மிகுன்னு?"

"மனு உங்களோடது அண்ணாச்சி."