நோட்டீஸில் யார் பெயர்?

நோட்டீஸ் ஒன்று, ஆட்கள் மூன்று பேர். கடைசிவரை கேட்டுவிட்டு அது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாதியிலேயே கோபப்பட்டுவிடாதீர்கள், அதற்கு நான் இருக்கிறேன்.

ஊர் ஒரு பேரூராட்சி. பெயரைச் சொன்னால் என் மேல் வழக்குப் போடுவார்கள், வேண்டாம். அங்கே பள்ளிக்கூடத் தெருவில் ஜெயசித்ரா என்றொரு தையல்காரி. அவள் மகள் நிறைமதிக்கு நான்கு வயது; பிறவியிலேயே காது கேளாது. ஐந்து மாதங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். காதின் மேல் மாட்டும் வெளிப்பகுதியை மாட்டினால்தான் கேட்கும். கேட்டுப் பழகினால்தான் பேச்சு வரும். ஒரு நாள்கூட விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் ஜெயசித்ரா, குழந்தை உதட்டைப் பார்த்துவிடாதபடி காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு "ம்" என்பாள், "ஷ்" என்பாள். கேட்டதும் குழந்தை ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போடும். போன மாதம்தான் பின்னாலிருந்து கூப்பிட்டதற்கு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது.

ஒரு முகூர்த்த நாளில் எதிர்வீட்டில் பூப்புனித நீராட்டு விழா. ஒலிபெருக்கி வைத்தவர் சவுண்ட் சர்வீஸ் ராஜபாண்டி. பேரூராட்சி அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டில் நான்கு வரி இருந்தது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது. பெட்டி ஒலிபெருக்கி இரண்டு. காலை ஆறு முதல் இரவு பத்து வரை. ஒலி அளவு குடியிருப்புப் பகுதிக்கான வரம்புக்குள் இருக்க வேண்டும். ராஜபாண்டி முதல் மூன்று வரியோடு படிப்பை நிறுத்திக்கொள்கிற ஆள். கூம்பை வீட்டில் போட்டுவிட்டு, ஆளுயரத்தில் இரண்டே இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து ஜெயசித்ராவின் ஜன்னலைப் பார்த்து நிறுத்தினார்.

பாட்டு ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நிறைமதி அலறிக்கொண்டு கருவியைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்டப்போன அம்மாவின் கையைக் கடித்தாள். காது கேட்பது என்றால் இதுதான் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருந்தால் அதன் மேல் என்ன தவறு?

ஜெயசித்ரா ஓடிப்போய்க் கேட்டாள். "அண்ணே, கொஞ்சம் கொறச்சு வைங்கண்ணே. பிள்ளை காது மிசினைக் கழட்டி எறியுது."

"பத்து மணி வரைக்கும் பர்மிசன் இருக்கு தங்கச்சி," என்றார் ராஜபாண்டி.

பத்து மணி வரை என்றால், பத்து மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் என்று இவர்களுக்கு எந்த மடையன் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

அவள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தலைமை எழுத்தர் குணசீலனின் தலைக்கு மேலே சுவரில் விதி ஒட்டியிருந்தது: 'ஒலித்தொல்லை பற்றிப் புகார் வந்தால், பொறுப்பு அலுவலர் முன்னறிவிப்பின்றிச் சென்று புகார்தாரர் வாசலில் அளக்க வேண்டும். மிகுந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.' பொறுப்பு அலுவலர் குணசீலன்தான். ரொம்ப நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. புகாரை வாங்கி வைத்துவிட்டு செல்போனை எடுத்தார்.

"ராஜபாண்டி, கம்ப்ளைண்ட் வந்திருக்குப்பா. மீட்டரோட வாறேன், பாத்து வச்சுக்க."

அவர் வந்து சேர்ந்தபோது பெட்டிகளிலிருந்து நாதஸ்வரம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. ஜெயசித்ராவின் வாசலில் மீட்டரைப் பிடித்தார். 'அளந்தேன், வரம்புக்குள் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க போன் பண்ணினதாலதான் சார் கொறச்சாரு."

"மீட்டர் பொய் சொல்லுமாம்மா?"

அவர் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பி மறுபடி அதிர்ந்தது. அவர் காதிலும் விழாமல் இருந்திருக்காது. வண்டியைத் திருப்பவில்லை.

ஜெயசித்ரா நேராகப் பந்தலுக்குப் போனாள். மைக் செட்டுக்கு இழுத்திருந்த போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேரும் அலுவலகத்தில் இருந்தார்கள். மேஜை மேல் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று. 'விதியை மீறிப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தமைக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று எல்லாம் தயாராக இருந்தது, பெயருக்கு மட்டும் இடம் காலி.

"நான் கூம்பு வச்சனா? ரெண்டு பெட்டிக்கு மேல வச்சனா? பத்து மணியத் தாண்டுனனா?" என்றார் ராஜபாண்டி. "விசேஷ வீட்டுல வந்து பியூஸைப் பிடுங்குறது என்ன நியாயம்?"

"நான் அளந்து எழுதியே வச்சிருக்கேன்," என்றார் குணசீலன்.

ஜெயசித்ரா பியூஸ் கட்டையை மேஜையில் வைத்தாள். "பிடுங்கினது நாந்தான். உங்க பொருள் இந்தா இருக்கு. எம்பிள்ளை மிசினைக் கண்டாலே ஓடி ஒளியுது. அதுக்கு நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

குணசீலன் பேனாவைத் திறந்து, காலி இடத்தில் நிதானமாக 'ஜெயசித்ரா' என்று எழுதினார்.

இப்போது சொல்லுங்கள். சீட்டின் மூன்று வரிக்கு அடங்கி நடந்தவர் ஒருவர், அளந்து கையெழுத்திட்டவர் ஒருவர், அடுத்தவர் பொருளில் கை வைத்தவள் ஒருத்தி. அந்தக் காலி இடத்தில் யார் பெயர் இருந்திருக்க வேண்டும்?

விடை: அதை எழுதிய குணசீலனின் பெயர். ராஜபாண்டி நான்காவது வரியை மீறினார், உண்மை. அவரை அடக்கத்தான் சுவரில் விதி இருந்தது. ஜெயசித்ரா பிறர் பொருளை எடுத்தது தவறு; ஆனாலும் சத்தத்தை அங்கேயே நிறுத்த வேண்டியவர் நிறுத்தாமல் போன பிறகுதான் எடுத்தாள். குணசீலனோ 'முன்னறிவிப்பின்றி' என்ற ஒரு சொல்லை ஒரே போனில் அழித்தார். அந்தச் சொல் போய்விட்டால் விதி எதற்கு, மீட்டர் எதற்கு? அன்று மீட்டரில் பதிவானது அவருடைய போனுக்குக் கிடைத்த மரியாதைதான்.

பதில் எழுத ஜெயசித்ராவுக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள். இன்று பதினோராம் நாள். நிறைமதி இன்னும் காதைத் தொட விடவில்லை.