தன் வீட்டுக்கே கன்னம் வைத்தவர்

மடத்துக்கு அங்கயற்கண்ணி வந்தபோது சட்டநாத சாமி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சாமிக்கு வயது நாற்பத்தைந்து. சிஷ்யைக்கு அறுபத்தொன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் வீட்டைக் கட்டிக்கொண்டவர்.

வந்ததும் கும்பிடக்கூட இல்லை.

"சாமி, எந்த ஜன்னல் போடலாம்?"

சாமி நிமிர்ந்தார்.

"மனசுக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு. பற்று, பாசம்னு ஆரம்பிச்சீங்கன்னா இப்படியே திரும்பிப் போயிடுவேன். திருடன் வந்துட்டுப் போய் இருபது நாளாச்சு. எனக்கு வேண்டியது ஜன்னல்."

சாமிக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா."

சொன்னார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்பினால், சமையலறை ஜன்னலின் கிரில் வெளியே சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. லேப்டாப் இல்லை. இரண்டு குத்துவிளக்கு இல்லை. அம்மாவின் மூக்குத்தி இல்லை. வந்தவன் ஃப்ரிட்ஜில் இருந்த தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் போட்டுப் போயிருந்தான். மூக்குத்தியைச் சொன்னபோது நடுங்காத குரல், தட்டைச் சொன்னபோது நடுங்கியது.

"அன்னியிலேர்ந்து ஒரு ஜன்னலையும் திறக்கறதில்லை சாமி. உள்ளேயே வெந்துக்கிட்டிருக்கேன். அண்ணன் என்னடான்னா, ஒண்டியா இருந்தது போதும், எங்க வீட்டு மாடி ரூமுக்கு வந்துடுங்கறார். என் வீடு கடைத்தெருவுல இருக்கு பாருங்க, மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் வாடகைக்குக் கேக்கறாராம். ஆடி பிறக்கறதுக்குள்ள காலி பண்ணுன்னு அண்ணன் நிக்கறார். போக மாட்டேன். ஆனா இருக்கவும் பயமா இருக்கு."

"கடையில என்ன சொல்றாங்க?"

"ஷோரூம்காரர் கனமான கண்ணாடி போடுங்கங்கறார். பட்டறைக்காரர் கண்ணாடி என்னத்தைக் காப்பாத்தும், கம்பிதாங்கறார். ஆம்பளை இல்லாத வீட்டை எந்த ஜன்னலும் காப்பாத்தாதுன்னு அண்ணன் சொல்றார்."

"மூணு பேரைக் கேட்டீங்க. வந்தவனைக் கேக்கலையே?"

"அவன் எங்கே இருக்கான்னு போலீசுக்கே தெரியலை!"

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வண்டியை எடுங்க."

அங்கயற்கண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சாமி கடைத்தெரு வழியாகப் போனதை ஊரே பார்த்தது. சாமி ஊரைப் பார்க்கவில்லை. திருப்புளி மடியிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தார்.

"இப்ப உள்ளே போங்க."

"எப்படிப் போறது?"

"அவன் எப்படிப் போனானோ, அப்படி."

"என் வீட்டுக்கே நான் கன்னம் வைக்கணுமா?"

"ஆமாம்."

அங்கயற்கண்ணி சாமியை முறைத்தார். பிறகு திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

கிரிலைப் பழையபடியே மாட்டி வைத்திருந்தார்கள். நாலு மூலையில் நாலு ஸ்க்ரூ. நாலும் வெளிப்பக்கம்.

"இது ஏன் வெளியே இருக்கு?" என்றார் சாமி.

"கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. சுவரை உடைச்சுக் கம்பியைப் பதிக்க நேரமில்லை. இப்போதைக்கு முடுக்கி வைக்கறேன், அப்புறம் வந்து பதிச்சுத் தரேன்னு பட்டறைக்காரர் சொன்னார்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாலு."

நம் ஊரில் பசுமாடு வீட்டுக்குள் நுழைய நேரம் குறித்துவிட்டால் அப்புறம் எதுவும் தள்ளிப்போகாது. ஜன்னல் மட்டும் பதினாலு வருஷம் காத்திருக்கும்.

முதல் ஸ்க்ரூவைக் கழற்றத்தான் சற்று நேரம் பிடித்தது. மற்ற மூன்றும் கேட்டவுடன் வந்தன. கிரிலை இறக்கிவைத்தார். உள்ளே அலுமினியத்தில் தள்ளுகதவு. கொக்கி போட்டிருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் கதவை அழுத்தி மேலே தூக்கினார். கீழ்ப்பக்கம், கதவு ஓடும் காடியை விட்டு வெளியே வந்துவிட்டது. கொக்கி சும்மா வேடிக்கை பார்த்தது.

எதிர்வீட்டுச் செண்பகம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா பண்றே?"

"திருடறேன். நீ அன்னிக்கு எங்கேடி போயிருந்தே?"

செண்பகத்தின் தலை உள்ளே போய்விட்டது.

முட்டிவலியோடு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, புடவை கிழிய, அறுபத்தோரு வயது அங்கயற்கண்ணி தன் சமையல் மேடையில் போய்க் குதித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பயமா இருக்கா?" சாமி வெளியிலிருந்து கேட்டார்.

"ஆத்திரமா இருக்கு. பெரிய கில்லாடி, மந்திரம் தெரிஞ்சவன்னு நெனச்சேன். நானே உள்ளே வந்துட்டேனே! இதுக்குப் போயா இருபது நாள் வெந்து செத்தேன்?"

"எந்த ஜன்னல் போடலாம்?"

"அதை நானே பார்த்துக்கறேன். திருப்புளி என்கிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் ஷோரூமுக்குப் போனார். கனமான கண்ணாடி பற்றி விற்பனையாளர் பேசிக்கொண்டே இருந்தார். அங்கயற்கண்ணி மாதிரிக்கு வைத்திருந்த ஜன்னலின் கதவை வெளிப்பக்கமிருந்து மேலே தூக்கி, கழற்றி, அவர் கையிலேயே கொடுத்தார்.

"தூக்கினா வராதது இருக்கா?"

இருந்தது. மேலே தடுப்பு வைத்தது, ஒரே கைப்பிடியில் மூன்று இடத்தில் பூட்டிக்கொள்வது. அதையும் தூக்கிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார், தோளால் இடித்தும் பார்த்தார். அது அசையவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பட்டறையில் இன்னும் மோசம்.

"கம்பியைச் சுவருக்குள்ள பதிக்கணும். வெளியே ஒரு ஸ்க்ரூ தெரியக்கூடாது. படுக்கை ரூம் கிரில்ல ஒரு பாதி உள்பக்கமாத் திறக்கணும். கீலும் பூட்டும் உள்ளே இருக்கணும், வெளியிலேர்ந்து கை எட்டக்கூடாது."

"திறக்கறதா? திருடனுக்குப் பயந்துதானே போடறீங்க? அதுல எதுக்கு வழி?"

"தீப்பிடிச்சா நான் எப்படி வெளியே வர்றது?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்களே."

"தீக்காய வார்டுல ஆறு வருஷம் இருந்தேன். கம்பிக்குள்ளேர்ந்து எடுத்தவங்களைக் கொண்டுவருவாங்க. நான் கேப்பேன்."

பட்டறைக்காரர் குறித்துக்கொண்டார். பதிக்கும் நாளில் நல்ல நேரம் பார்க்கலாமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். சிமெண்டு காய எவ்வளவு நேரமோ அதுதான் நல்ல நேரம் என்றார் அங்கயற்கண்ணி.

வேலை முடிந்த மறுநாள் காலையில் சாமி வந்தார். வீட்டைச் சுற்றினார். திருப்புளியை வாங்கி ஒவ்வொரு ஜன்னலாக முயன்று பார்த்தார். விரல் நகம் ஒன்று பெயர்ந்ததுதான் மிச்சம்.

"உள்ளே வாங்க சாமி, வாசல் வழியா," என்றார் அங்கயற்கண்ணி. மருந்து வைத்துக் கட்டினார். பிறகு எல்லா ஜன்னல் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். கம்பி வழியாகக் காற்று வந்தது. அந்த வீட்டில் காற்று வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது அண்ணன் தில்லைநாயகம் வந்தார். கூட மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் மருந்துக்கடைக்காரர் முன்ஹாலின் அகலத்தை டேப்பால் அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"டேப்பைச் சுருட்டச் சொல்லுங்கண்ணே," என்றார் அங்கயற்கண்ணி. "நான் எங்கேயும் வரலை."

"கம்பியும் கண்ணாடியும் போட்டுட்டா ஆச்சா? ஒத்தைப் பொம்பளைன்னு ஊருக்கே தெரியும். உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"என் நல்லது எனக்குத் தெரியும்."

அண்ணன் சாமியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா. என்ன ஜன்னல் போட்டாலும் வர்றவன் வந்துக்கிட்டேதான் இருப்பான். இவளுக்காக நான் வேலை வெட்டியை விட்டுட்டு இதோட நாலு தடவை வந்துட்டேன்."

சாமி கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடன் ஒரு தடவைதான் வந்தான்," என்றார்.