இல்லை என்று சொன்ன கடை

டங் என்று ஒரு சத்தம். அரை மூச்சு தள்ளி இன்னொரு டங்.

தெருமுனை திரும்பும் முன்பே தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது, தராசின் இடது தட்டு கனம் என்று. முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்தியே தலை நரைத்தவர். கண் பார்ப்பதற்கு முன் காது பிடித்துவிடும்.

திரும்பினால் பிச்சாண்டியின் மளிகைக் கடை. பலகை போட்டு அடைக்கிற பழைய கடை.

"வாங்க ஆபீசர். மடத்துக்கு நொய்யா?"

"தராசு சரியில்லை, பிச்சாண்டி."

"என் இடுப்பும்தான் சரியில்லை. ரெண்டும் ஒரே வருஷம் வாங்கினது. எவ்வளவு போட?"

நிறுத்தபின் ஒரு பிடி நொய்யை அள்ளி மேலே போட்டான் பிச்சாண்டி. தணிகாசலத்துக்கு அந்த ஒரு பிடியும் பிடிக்கவில்லை. குறைத்ததும் கணக்கில் இல்லை, கூட்டியதும் கணக்கில் இல்லை. இது என்ன வியாபாரம் என்று நினைத்துக்கொண்டே பையைத் தூக்கினார்.

ஊரின் கடைசியில் இருந்தது கஞ்சி மடம். மத்தியானம் யார் வந்தாலும் ஒரு குவளை கஞ்சி. தவமணியம்மா அதை நடத்திவந்தாள். நாற்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. சீடராக வந்து சேர்ந்த தணிகாசலம் அவளுக்கு அப்பா வயது. உண்மையைத் தேடி வந்திருக்கிறேன் என்று வந்த அன்றைக்கே சொன்னார். அவள், "அரிசியில கல் பொறுக்க வருமா?" என்று கேட்டாள். அதிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

பையை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"அம்மா, மெயின் ரோட்டுல பெரிய கடை வந்திருக்கு. பாக்கெட்டுல எடை அச்சடிச்சிருக்கு, விலை அச்சடிச்சிருக்கு. யாரும் யாரையும் ஏமாத்த முடியாது. பிச்சாண்டி தராசுல தப்பு இருக்கு. வாயைத் திறந்தா பாதி பொய். தெரிஞ்சும் ஏன் அங்கேயே வாங்கணும்?"

தவமணியம்மா முறத்தைத் தட்டினாள்.

"நாளைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்க ஐயா. வாங்கினதும் வந்துடாதீங்க. கொஞ்ச நேரம் நில்லுங்க."

"நின்னு?"

"வர்றவங்களைப் பாருங்க."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் போனார். பிச்சாண்டி பல்பைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தான். தணிகாசலம் பருப்பு வாங்கினார். பிறகு உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றார்.

வருகிறவர்களைப் பாருங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் பிச்சாண்டியின் கையையும் வாயையும் பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கம், கண் அங்கேதான் போனது.

ஒரு பெண் வந்து, "அண்ணே, அது ஒண்ணு வேணும்" என்றாள்.

"எது?"

"அதான்."

பிச்சாண்டி சிரித்துக்கொண்டே ஒரு ஊசியைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தான். விளக்கு வைத்த பிறகு ஊசி விற்கக் கூடாது, அதன் பேரையும் சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவின் பழக்கம். பேரைச் சொல்லாமல் கேட்டால் விற்கலாம் என்பதும் அதே தெருவின் பழக்கம்தான். தணிகாசலம் மனதுக்குள் ஒரு பொய் என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து வேதகிரி வந்தான். தையல்காரன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஷின் போட்டிருந்தான். பெண்டாட்டி இறந்தபின் அந்த மெஷினில் அவன் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

"எலி மருந்து ஒண்ணு குடு."

"இல்லை" என்றான் பிச்சாண்டி.

"பின்னால இருக்கே. சோப்புக்குப் பக்கத்துல."

"அது காலி டப்பா."

"மூடி பிரிக்கவே இல்லை."

பிச்சாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. "விளக்கு வச்சாச்சு வேதகிரி. இந்நேரத்துக்கு ஊசியும் தர்றதில்லை, மருந்தும் தர்றதில்லை. காலைல வா. டீ சொல்லட்டா?"

"வேணாம்."

"என் சட்டை ஒண்ணு அக்குள்ல கிழிஞ்சு கிடக்கு. எடுத்தாரேன், பாத்துச் சொல்லு."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குன்னா நாளைக்கு வரணும். தீபாவளிக்கு ஏமாத்தின மாதிரி ஏமாத்தக் கூடாது."

வேதகிரி சிரித்த மாதிரி இருந்தது. இறங்கி நடந்தான்.

தணிகாசலத்துக்கு உடம்பு கொதித்தது. டப்பா கண் முன்னால் இருக்கிறது. இல்லை என்கிறான். காலி என்கிறான். இப்போதுதான் ஊசி விற்றவன், விளக்கு வைத்துவிட்டேன் என்கிறான். ஒரு சாமான் கேட்டு வந்தவனை மூன்று பொய் சொல்லித் துரத்துகிறான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேதகிரியின் பின்னால் போனார்.

"தம்பி, நில்லுப்பா. அங்க சரக்கு இருக்கு. நான் பாத்தேன். அந்த ஆள் பொய் சொல்றான்."

"தெரியும் ஐயா."

"மெயின் ரோட்டுப் பெரிய கடையில கிடைக்கும். அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வேதகிரி அவரை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு அந்தக் கடை பழக்கமில்லை."

"வா, நானும் அந்தப் பக்கம்தான்."

சேர்ந்து நடந்தார்கள். வழி நெடுக தணிகாசலம் பேசிக்கொண்டு வந்தார். எடைக்கல்லின் அடியில் மெழுகு ஒட்டியவனைப் பிடித்த கதை, ஈயத்தைச் சுரண்டியவனைப் பிடித்த கதை. வேதகிரி உம் கொட்டிக்கொண்டு வந்தான்.

பெரிய கடையில் குளிர்ச்சியாக இருந்தது. எங்கிருந்தோ பாட்டு கேட்டது. எது எங்கே என்று பலகை தொங்கியது. தணிகாசலமே முன்னால் போய் அடுக்கைக் காட்டினார். வேதகிரி ஒன்றை எடுத்தான். கொஞ்சம் நின்றான். இன்னொன்றும் எடுத்தான்.

பில் போடும் பெண் தலையை நிமிர்த்தவில்லை. இவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பை வேணுமா சார்?"

"வேணாம்."

"மொபைல் நம்பர் சொல்லுங்க. பாயின்ட் சேரும்."

வேதகிரி நம்பரைச் சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக.

"தேங்க்யூ சார். மறுபடியும் வாங்க."

வெளியே வந்ததும் அவன் தணிகாசலத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான். எலி மருந்துக்கு இவ்வளவு பெரிய கும்பிடா என்று அவருக்குப் பட்டது. பட்டதோடு சரி.

மடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னார். பிச்சாண்டி சொன்ன மூன்று பொய்யையும் விரல் மடக்கிச் சொன்னார். தான் ஒரு ஆளுக்கு உண்மையைச் சொல்லி உதவியதையும் சொன்னார்.

தவமணியம்மா நாளைக்கான அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்த ஆளு?"

"தையல்காரர் வேதகிரி."

"என்ன வாங்கினார்?"

சொன்னார்.

முறம் அவள் மடியிலிருந்து சரிந்தது. அரிசி தரையெல்லாம் இறைந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். இவரும் பின்னால் ஓடினார். பாதித் தெரு ஓடிய பிறகுதான் எதற்கு ஓடுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. அதை எடுக்காமல் ஓடினார்.

பிச்சாண்டி எதிரே வந்தான். கையில் டார்ச். வேட்டி முட்டிவரை சேறு. கடையில் பாதிப் பலகை போட்டபடி கிடந்தது.

"வேதகிரி வீட்டுல இல்லம்மா. அவன் போன போக்கு நல்லாயில்லைன்னு கடையை விட்டுட்டு வந்தேன். கிணத்தைப் பாத்துட்டேன். தண்டவாளத்துக்கு என் மச்சானை அனுப்பியிருக்கேன்." மூச்சு வாங்கினான். "ஆனா கையில ஒண்ணும் இல்லம்மா அவன்கிட்ட. நான் குடுக்கல. அதனால நேரம் இருக்கு."

தவமணியம்மா திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தாள்.

"கையில இருக்கு" என்றார் அவர். "நான்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

பிச்சாண்டி டார்ச்சை அவர் முகத்தில் அடித்துப் பார்த்தான். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு அணைத்தான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் மெஷினுக்குக் கீழே கிடந்தான் வேதகிரி. உயிரோடுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் பேசக்கூடச் செய்தான். தண்ணீர் கேட்டான். பிச்சாண்டியின் சட்டையைப் பற்றிக் கேட்டான். பிழைத்துவிடுவான் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில் போய்விட்டான்.

கொள்ளி வைக்க ஆள் இல்லை. பிச்சாண்டி வைத்தான்.

அதற்குப் பிறகு கடை திறக்கவில்லை.

மடத்தில் நொய் தீர்ந்தது. பருப்பு தீர்ந்தது. பெரிய கடைக்குப் போய் வாங்கி வாருங்கள் என்று தவமணியம்மா சொல்லவில்லை. போகட்டுமா என்று கேட்க அவருக்கும் வாய் வரவில்லை. இருந்த கேழ்வரகைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினார்கள். வந்தவர்கள் குவளைக்குள் பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

ஒரு காலையில் தவமணியம்மா பையை எடுத்துக்கொண்டாள். "வாங்க ஐயா."

மூடிய கடைக்கு முன்னால் போய் நின்றாள். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. உள்ளே இருமல் கேட்டது.

"கடை இல்லம்மா" என்றது குரல்.

"சரி" என்றாள். நின்றாள்.

போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. தணிகாசலம் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

கடைசியில் பிச்சாண்டி பக்கத்துச் சந்து வழியாக வந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்தான்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடு, பிச்சாண்டி" என்றார் தணிகாசலம்.

"திட்டி? நீங்க சொல்லாட்டி அந்தக் கடை போர்டு சொல்லியிருக்கும். ஆள் உயரத்துக்கு எழுதி வச்சிருக்கான்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது, அவன் எதுக்குக் கேக்கறான்னு?"

"எங்க தெரிஞ்சது?" பிச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "அரிசி வாங்கி ரொம்ப நாளாச்சு அவன். சோறு பொங்காத வீட்டுல எலிக்கு என்ன வேலைன்னு தோணிச்சு. அவ்வளவுதான். போன வருஷம் ஒரு கிழவி கேட்டப்பவும் இப்படித்தான் தோணி இல்லைன்னு சொன்னேன். அது நிஜமாவே எலிக்குத்தான் கேட்டிருக்கு. நெல்லு மூட்டை போச்சுன்னு தெருவுல நின்னு என்னை ஏசிச்சு. நான் என்ன ஜோசியனா? தெரிஞ்சிருந்தா கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்க மாட்டேனா? டீ வேணுமான்னு கேட்டுட்டு விட்டுட்டேன்."

ஒரு பஸ் போனது. தூசு கிளம்பி அடங்கியது.

"கடையைத் திறங்க" என்றாள் தவமணியம்மா.

"எதுக்கும்மா? நான் இல்லைன்னு சொல்லி என்ன ஆச்சு? அங்க அடுக்கி வச்சிருக்கான். இன்னும் ஒருத்தன் வருவான். நான் இல்லைன்னுவேன். நேரா அங்க போவான். பை வேணுமான்னு கேட்டுக் குடுத்து அனுப்புவாங்க. நடுவுல நான் எதுக்கு?"

"அங்க போக நடக்கணும்."

"நடந்தா?"

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வழியில யாராவது கூட வருவாங்க."

தணிகாசலத்தின் காதில் அது விழுந்தது. மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிச்சாண்டி வெகுநேரம் அந்தப் படியிலேயே இருந்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஓரப் பலகையை உலுக்கி எடுத்தான். தினமும் காலையில் செய்கிற மாதிரி அதைச் சுவரில் சாய்த்தான். அடுத்ததை உலுக்கினான். அது சிக்கிக்கொண்டது.

தணிகாசலம் போய் மறுமுனையைப் பிடித்தார்.