மனப்பாடமாக இருந்த எண்

முன்பு ஒரு எண் இருந்தது. பத்து இலக்கம், கடைசி இலக்கம் நான்கு. ஃபேன்சி நம்பர் என்று கடைகளில் கண்ணாடிக்குள் மாட்டி வைப்பார்களே, அந்த ரகம் அல்ல. மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும் நேசபாயின் பட்டன் போனுக்குள், ஒரு சிம் அட்டையில் குடியிருந்த சாதாரண எண்.

இருந்தாலும் அதற்கு ஒரு கர்வம் உண்டு. இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்? போன் தொலைந்தால் பெற்றவர்களின் நம்பர்கூடத் தெரியாமல் விழிக்கிறோம். அந்த எண்ணையோ ஒருத்தி தலையில் வைத்திருந்தாள். அவள் நேசபாயின் மகள் ஷைனி. பள்ளிக்கூட நாளில் ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி எழுதிப் பதிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஷைனி தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். "இனி என்ன விளிக்காத. எனக்க மவ செத்தாச்சு" என்று நேசபாய் கத்தியதை எண்ணும் கேட்டது. மறுவாரமே அந்த வாயில் அடித்துக்கொண்டு அழுததையும் கேட்டது. அதற்குள் மகள் தன் நம்பரை மாற்றிவிட்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை.

நேசபாய் மாசம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள். டவர் கிடைக்கும் ஜன்னல் கம்பியில் போனைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள்.

"என்றைக்காவது அவள் மனசு இளகும். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி நான்தான்," என்று எண் சொல்லும்.

"என் பேட்டரி தாங்கும்வரை நானும் இருக்கிறேன்," என்று போன் சொல்லும்.

அப்போதுதான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. ஒவ்வொரு எண்ணும் தன் ஆள் யாரென்று நிரூபிக்க வேண்டும். மாசக் கடைசிக்குள் கைரேகை வைக்காத எண் துண்டிக்கப்படும்.

"நல்லதுதானே," என்றது எண். "கள்ளப் பேரில் திரிகிற எண்களால் எங்கள் எல்லாருக்கும்தான் கெட்ட பேர். எனக்கென்ன, ஆள் இருக்கிறாள்."

நேசபாய் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராகப் போன் கடைக்குப் போனாள். கடைக்கார டென்னிஸ் ரேகை மெஷினை முன்னால் நகர்த்தினான். அவளுடைய கட்டைவிரல் அதன்மேல் உட்கார்ந்தது.

"இங்கே யாரும் இல்லை," என்றது மெஷின்.

"நான் இருக்கிறேனே," என்றது கட்டைவிரல்.

"கோடு இருந்தால்தான் எனக்கு ஆள். உன்னிடம் கோடு இல்லை."

"எப்படி இருக்கும்? இருபது வருஷமாக அந்தக் கொட்டையின் எண்ணெய் என்னைத் தின்கிறது. தின்றது போக மிச்சம்தான் நான்."

"அது எனக்குத் தெரியாது," என்றது மெஷின். உண்மையிலேயே அதற்குத் தெரியாது. அதைத் திட்டி என்ன பயன்? முகம் பார்க்க யாரும் அதற்குக் கற்றுத் தரவில்லை.

மற்ற ஒன்பது விரல்களும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின.

"எக்கா, ரெண்டு வாரம் வேலைக்குப் போவாதீங்க," என்றான் டென்னிஸ். "தேங்கா எண்ண போட்டுட்டு வாங்க. ரேகை வளந்துரும்."

"ரெண்டு வாரமா? ஆபீஸ்ல எனக்க பேர வெட்டிருவாவளே. வேற யாரு பேருலயாவது மாத்திக் குடு மக்கா."

"மாத்தணும்னாலும் மொதல்ல ஒங்க ரேகதான் வேணும்க்கா."

நேசபாய் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மகள் கூப்பிடும்போது எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டைவிரலுக்கோ ஒரே கொண்டாட்டம். கருகின தோல் உரிந்தது, அடியில் பிஞ்சுத் தோல் வந்தது. "பார், ஒரு கோடு. இதோ இன்னொன்று. நடுவில் சுழிகூட இருக்கிறது" என்று எண்ணிடம் காட்டிக் காட்டிப் பூரித்தது. எண்ணுக்கும் உயிர் வந்தது.

மாசக் கடைசி நாளில் மறுபடியும் கடைக்குப் போனாள். மெஷின் சிவப்பு விளக்கை எரித்துப் பார்த்தது.

"கோடு இருக்கிறது," என்றது.

"அப்பாடா," என்றது எண்.

"ஆனால் இது நேசபாய் இல்லை."

கட்டைவிரல் திகைத்துப்போனது. "நான்தானே நேசபாயின் விரல்?"

"அடையாள அட்டைக்குக் கொடுத்த ரேகையில் நடுவில் ஒரு பொத்தல் இருக்கிறது. உன்னிடம் அது இல்லை. நீ வேறு யாரோ."

"அது அன்றைக்கு வெந்துபோன புண். இப்போது ஆறிவிட்டது."

"ஆறியிருக்கக் கூடாது," என்றது மெஷின்.

மற்ற ஒன்பது விரல்களுக்கும் அதே பதில்தான். நேசபாய் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, இது நான்தான். ஒனக்கு என்னத் தெரியுமே."

"எனக்குத் தெரியும்க்கா," என்றான் டென்னிஸ். "எனக்குத் தெரிஞ்சா போதாதே."

மறுநாள் எண்ணைத் துண்டித்தார்கள். பல மாசம் அது யாருக்கும் இல்லாமல் கிடந்தது. பிறகு பெருந்துறையில் கோழிக்கடை வைத்திருக்கும் குமரேசனுக்குப் போனது. அவன் கட்டைவிரலை ஒரு தடவைதான் வைத்தான். "ஆள் சரி," என்றது அங்கிருந்த மெஷின். குமரேசன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு நம்பர், கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. பத்து இலக்கமும் தடங்கலில்லாமல் வந்த வேகத்திலேயே எண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இது நெஞ்சிலிருந்து அழுத்தும் விரல்.

"எம்மா," என்றது குரல். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது. "எம்மா, நான் ஷைனி."

"ராங் நம்பருங்க," என்றான் குமரேசன்.

அவள் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள்.

"நம்பரு அதானுங்க. ஆனா ரெண்டு மாசமா இது என்னுதுங்க."

அவள் தன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது கேட்டது. "அம்மா நம்பர மாத்தியாச்சு. நான் விளிக்கக் கூடாதுன்னுதான்."

இல்லை என்று எண் கதறியது. ஆனால் எந்த எண்ணாலும் அடுத்தவர் குரலைத்தான் சுமக்க முடியும், தனக்கென்று குரல் கிடையாது. அழைப்பு துண்டானது.

மார்த்தாண்டத்தில் ஜன்னல் கம்பியில் அந்தப் பட்டன் போன் இன்னும் தொங்குகிறது. எண் இல்லாத போனுக்கு நேசபாய் தினமும் சார்ஜ் போடுகிறாள்.

ஷைனி அந்த எண்ணை மறக்க ஆரம்பித்தாள். முதலில் கடைசி இலக்கமான நான்கு போனது.